மூணாவது பக்கத்துல ஒரு கேள்வி

இல்லம்மா, உன் வண்டி எங்கயும் போயிடாது, இப்பிடி வா. இந்தச் சீமைப்பலா நிழல்ல உக்காரு. நான் தேங்கா துருவிக்கிட்டேதான் பேசுவேன், கோச்சுக்காத. உள்ள அந்த ஆராய்ச்சித் தாள வெச்சுக்கிட்டு நீ மாலியாகிட்ட கேட்டதெல்லாம் என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கல. சரி, கேட்டேன். என் தம்பி வீட்டுல எனக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

நீயும் டோங்காப் பொண்ணுதான? எந்தத் தீவு? வவாவுவா! அப்ப உனக்கு நான் பாடம் நடத்த வேண்டாம். அப்பாவோட அக்கான்னா யாருன்னு தெரியும். பிள்ளைக்குப் பேரு வெக்கறவ அவ. விருந்துல பெரிய பன்னியும் அவளுக்கு, சாவுல பெரிய பாயும் அவளுக்கு. தம்பி பொண்டாட்டி அடுப்படியில கெடக்கணும். என் தம்பி செமிசி இன்னிக்கு வரைக்கும் நான் சொன்னா தலையாட்டுவான். அவன் பொண்டாட்டி மாலியா. இப்ப ரத்தம் எடுத்தியே, சன்னலையே பாத்துக்கிட்டு இருந்தானே லிசியாதே, அவங்க பிள்ள. நான் வெச்ச பேருதான்.

பத்தொம்பது வயசு வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தான். சபையில பாடுனான்னா பெஞ்சு அதிரும். ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் தட்ட நகத்திட்டு, பாட்டி கூப்பிடறாங்கன்னான். பாட்டின்னா எங்கம்மா. செத்து அப்ப ஆறு வருஷம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போலாம்னு மாலியா அழுதா. நான்தான் குறுக்க நின்னேன். இது செத்தவங்க புடிச்ச நோவுடி, மாத்திரைக்கு அடங்காது, அம்மாவுக்குக் குழியில ஏதோ உறுத்துது, தோண்டுங்கன்னேன்.

சிரிக்காத. ஓ, சிரிக்கலையா. உங்க வீட்டுலயும் தோண்டியிருக்காங்களா? அப்பிடிச் சொல்லு.

தோண்டுனாங்க. மண்டையோட்டுல, காது இருந்த பக்கமா, ஒரு வேரு நுழைஞ்சிருந்துச்சு. விரல் தடிமன் இருக்கும். ஈழத்தலரி வேரு. அந்த மரத்த நட்டது யாரு? மாலியா. மாமியா தலமாட்டுல பூ உதிரணும்னு ஆசப்பட்டு நட்டிருக்கா. எனக்கு அது போதாதா? சொந்தக்காரங்க அத்தன பேரு நிக்கறாங்க, பாதிரியாரு நிக்கறாரு. உன் பிள்ள காதுல ஏன் குரல் கேக்குதுன்னு இப்பத் தெரியுதாடி, நீ நட்டதுதான்டின்னேன்.

வேர வெட்டுனோம், எலும்பக் கழுவி எண்ண தடவித் திரும்ப வெச்சோம். பையனுக்குக் கொணமாகல. இன்னும் மோசமாத்தான் போனான். நாலு வருஷம் அலஞ்சுட்டு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இவ்ளோ லேட்டா வந்தீங்களேன்னாங்க. அன்னிக்குக் குழிப்பக்கத்துல நான் அப்பிடிச் சொன்னதுக்கப்புறம் மாலியா ஒரு செடிகூட நடல. முத்தத்தப் பாரு. வவாவுலருந்து இங்க வரைக்கும் ஒரு பூச்செடி இல்லாத முத்தம் பாத்திருக்கியா நீ? ஒம்போது வருஷமா மண்ணக் கூட்டிக்கிட்டு இருக்கா.

விஷயத்துக்கு வரேன், இரு. அந்தத் தாள எடு. மூணாவது பக்கம். மாசமா இருக்கறப்ப ஃப்ளூ காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டியா? இல்லன்னு சொன்னா அவ. நீ குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தே, கவனிச்சிருக்க மாட்டே. நான் கதவுக்கு இந்தாண்டருந்து பாத்தேன். அதச் சொல்றப்ப அவ என்னையத்தான் பாத்தா.

அந்தக் கிருமி வயித்துப் பிள்ள மூளையில ஏதாவது பண்ணியிருக்கலாம், இருவது வருஷம் கழிச்சுக்கூட அது தலையத் தூக்கலாம்னு நீ சொன்னேல்ல. தெரியும்மா, இருக்கலாம்னு ‘லாம்’ போட்டுத்தான் சொன்னே. இன்னும் ஆராய்ச்சிதான், உறுதியில்ல. படிச்ச பொண்ணு நீ, கையில ரத்தத்த வெச்சுக்கிட்டு லாம் போடறே. நான் ஒரு வேரப் பாத்துட்டு லாம் போடல.

அவளுக்கு அப்ப அஞ்சு மாசம். நான் அப்ப குடியிருந்த ஆக்லாந்துலருந்து வந்தேன், இங்க சபை விருந்துக்கு. காய்ச்சலோட விமானம் ஏறாதம்மான்னு என் மக கெஞ்சுனா. முதல் பந்தியில என் எடம் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? ஏறிட்டேன். வந்து எறங்குனதும் படுத்துட்டேன். மாசமா இருக்கா, வேற ஆளப் போடறேன்க்கான்னு செமிசி சொன்னான். என்கிட்ட அவன் எதுத்துப் பேசினது அந்த ஒரு தடவதான். தம்பி பொண்டாட்டி பாக்காம எவடா பாப்பா என்னையன்னு கேட்டேன்.

ஆறு நாளு பாத்தா. கஞ்சி ஊட்டுனா, நான் இருமுனதெல்லாம் மூஞ்சில வாங்கிக்கிட்டா. ஏழாம் நாளு அவ விழுந்தா. ஒடம்பு அனலாக் கொதிக்குது. நான் எனக்குச் சூப்பு வெக்க ஆளில்லன்னு கத்திக்கிட்டு இருந்தேன்.

அதெப்பிடிம்மா அவ மறந்திருப்பா? யாரக் காப்பாத்த இல்லங்கறா, புரியுதா? எனக்கு வெக்கமா இருக்கும்மா.

பேனா இருக்கா? அந்த இல்லங்கறத அடிச்சிட்டு ஆமான்னு போடு. யாருகிட்டருந்து ஒட்டுச்சுன்னு கேள்வி இல்லையா? இருக்கணும்மா அது. சரி, ஓரத்துல எடம் இருக்கே, எழுது. புருஷனோட அக்கா. பேரும் போடு, லெசிலி.

எழுதிட்டியா? அப்ப வா, உள்ள போலாம். நீ அத அவளுக்குப் படிச்சுக் காட்டு, நான் பக்கத்துல நிக்கறேன். நின்னு எனக்குப் பழக்கமில்ல, இருந்தாலும் நிக்கறேன்.

இதோ வரேன், மாலியா! ஒண்ணுமில்ல, என் பிரஷர் மாத்திரைக்கு நேரமாச்சாம், கூப்பிடறா.