ரோட்டு மேல நிற்கிற வீடு

ஆவடி ரயிலில் ஒட்டுக்கேட்பதற்காகத்தான் நான் பேப்பரே வாங்குவது. கொரட்டூர் தாண்டியதும் எதிரே இருந்தவர், "எங்க ரோட்டு மேலதான் எங்க ஊடு நிக்குது" என்றார்.

"இன்னா அண்ணாத்தே சொல்ற?" என்றார் பக்கத்து ஆள்.

"சப்பான்காரன் குண்டுக்குப் பயந்து திருமுல்லைவாயில் வந்தோமில்ல? அல்லாரும் ரோட்டு மண்ண வெட்டிப் போட்டு, மனைய மேடாக்கி ஊடு கட்டிக்கினோம். மழையில ரோடு கொளமாயிட்ச்சி. எம்பொண்ணப் பாக்க வந்தவங்கோ ஸ்டேசனோட திரும்பிட்டாங்கோ."

"இப்போ?"

"நாளைக்கி வேற எடத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்கோ. ஸ்டேசன்லேர்ந்து ஜட்கா வண்டில ஏத்தியாந்துர்றேன்."

"சேத்துல மாட்டிக்காதா?"

"ஊட்டு வாசலுக்கு வந்துதான் மாட்டிக்கும்."

"வந்தவங்கோ பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். சொல்லிட்டு எப்பிடி மாமே போவாங்கோ?"