படி வைக்கலாமா

எண்பதுகளில் ஒரு காலை. ஒரகடம் வழியாக மறைமலை நகர் போகும் பஸ்ஸில், படியில் நின்றிருந்த கனத்த மனிதர் தன் மச்சானிடம் சொன்னது காதில் விழுந்தது.

"சொந்தமா பிக்கப் வண்டி வாங்குனதுலேர்ந்து பஸ்லதான்டா போறேன்."

"ஏன் மாமா, வண்டிக்கு இன்னா?"

"வண்டி நல்லாதான் கீது. இந்தத் தொப்பையைத் தூக்கிக்கினு ஏற முடியல. டிரைவர் பின்னாலேர்ந்து தள்ளுறான். காய்மூட்டைகூட சுளுவா ஏறிடுது."

"கதவாண்ட ஒரு படி வெச்சிடேன்."

"வெச்சா, ஷிஃப்ட்டுக்குப் போற நம்மூரு பசங்க மொத்தமும் அதுல தொத்திக்குவானுங்க. எல்லாம் சொந்தக்காரனுங்க, எறங்குன்னு சொல்ல முடியுமா? ஒருத்தன் வுழுந்தா நான்தான பதில் சொல்லணும்?"

"நீ மட்டும் இப்போ இன்னா பண்ற? தொங்கிக்கினுதான வர்ற?"

அவர் வாயைத் திறக்குமுன் கண்டக்டர் கத்தினார்: "யோவ், பெரியவரே! படியில நிக்காத, மேல ஏறு!"

"ஏற முடிஞ்சா என் வண்டியிலயே போயிருக்க மாட்டனா, சாமி?"