மூன்றாம் சுரங்க வாய்

ஹெல்மெட் மாட்டாமல் நான் சைக்கிளில்கூட ஏறியதில்லை, ஐயா. சந்தைக்குத் தக்காளி வாங்கப் போனாலும் அப்படித்தான். ஊரே சிரிக்கும். செம்புச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன் சிரிப்புக்குப் பயந்தால் முடியுமா?

அதிகமாகச் சிரித்தவன் சிலேஷே. என் மனைவி லோம்பேயின் தம்பி. பாறையில் துளை போடுவதில் கெட்டிக்காரன். செம்பு விலை விழுந்து ஆட்குறைப்பு வந்தபோது அவன் வேலையும் போயிற்று. பிறகு அவனும் கூட்டாளிகளும், கைவிடப்பட்ட மூன்றாம் சுரங்க வாய் வழியாக உள்ளே புகுந்து, மிச்சமிருந்த தாதுவை மூட்டை கட்டி வந்து கிட்வே நகரத்து வியாபாரிகளுக்கு விற்றார்கள். எத்தனையோ முறை கண்டித்தேன். ஒருநாள் மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: “நாங்க சாகறது பத்தி மச்சானுக்குக் கவலை இல்லப்பா. அவரு எல்லைக்குள்ள சாகக் கூடாது, அவ்வளவுதான்.”

அவன் சொன்னதில் தவறில்லை. சுரங்கத்தை விலை பேச வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இன்னொரு சாவு விழுந்தால் அவர்கள் வாங்கமாட்டார்கள். வாங்காவிட்டால் ரொட்டிக்கடை, தையற்கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பூட்டுத்தான்.

அதனால் அந்த வாயைக் கான்கிரீட் போட்டு மூடச் சொன்னார் மேனேஜர். காலையில் கபாசோ கலவை லாரியை ஓட்டி வந்தான். விதிப்படி நான் குனிந்து உள்ளே பார்த்தேன். தூரத்தில் விளக்கு வெளிச்சம் அசைந்தது. சிலேஷேயின் குரல், பதற்றமே இல்லாமல்:

“மச்சான், நாங்க உள்ள இருக்கோம். கொஞ்சம் பொறுங்க, வெளிய வந்துடறோம்.”

நியாயமான கோரிக்கைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று வெளியே வந்தால் மறுவாரம் வேறொரு இடத்தில் ஓட்டை போடுவார்கள். விலை பேச வருகிறவர்கள் கண்ணெதிரே செத்துக் கிடப்பார்கள். கபாசோ இளகிய மனசுக்காரன். காதில் விழுந்தால் லாரியை நிறுத்திவிடுவான். கலவை இறுகிவிடும் என்று சொல்லி, எஞ்சினை நன்றாக முறுக்கச் சொன்னேன். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவனை நீங்கள் விட்டுவிடலாம்.

தம்பி காங்கோ பக்கம் பிழைக்கப் போயிருக்கிறான் என்று லோம்பேயிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோளக்களியும் கருவாட்டுக் குழம்பும் அவனுக்கென்று ஒரு தட்டில் எடுத்துவைப்பாள். வீணாகக் கூடாதே என்று நான்தான் சாப்பிடுவேன்.

சுரங்கம் விற்றுப்போனது. ரொட்டிக்கடையில் மறுபடி கூட்டம் நிற்கிறது. புது முதலாளிகள் அந்தக் கான்கிரீட் சுவரை உடைத்துத் திறப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. உள்ளே இன்னும் நல்ல தாது கிடக்கிறதாம். சிலேஷேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆமாம், ஐயா. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தேதான் மூடினேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அன்று வேலை நடந்த இடத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.