பின்னாடி டிரெய்லர்

— வாயத் தொற.

— காந்தி, இது ஸ்டேஷன். எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். பொண்டாட்டிதான கேக்கறேன், தொறய்யா. ஐயே! திருவக்கரைக் கோயில்ல, இனி குடிக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ண வாயா இது?

— குடிச்சேன். குடிச்சுட்டு டிராக்டர் ஓட்டினேன். கரும்பு லோடு சாஞ்சுது. இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.

— மொபெட்டுல வந்தவரு?

— முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில. உசுருக்கு ஒண்ணுமில்லையாம். காலுதான்...

— எப்பக் குடிச்ச?

— காலையில.

— காலையில நாங்க வெட்டற வயல்ல குந்திக்கினு மல்லாட்டை ஒடைச்சுத் தின்னுக்கினு இருந்த.

— வர்ற வழியில.

— வண்டி சாஞ்சப்ப டாஸ்மாக் கடையே தொறக்கலியே.

— பிளாக்ல வாங்கினேன்.

— எவன்கிட்ட?

— பேஜாரு பண்ணாத, மேஸ்திரி.

— கொஞ்சாத. கரும்பு வெட்டி ஏத்தறது என் ஆளுங்க வேலை, ஓட்டறது உன் வேலை. பாலத்தாண்ட எறங்கிப் பாத்துட்டுத்தான் வர்றேன். முன்னாடி டிரெய்லரு அப்படியே நிக்குது. பின்னாடிது மட்டும் மல்லாந்து கெடக்குது. குடிகாரன் ஓட்டினா ரெண்டும்தான சாயும்?

— ரெட்டை டிரெய்லரு அப்படித்தான். பாலம் எறங்கறேன், நாய் வந்துச்சு. ஸ்டீரிங்க ஒரு சாண் ஒடிச்சேன். கடைசி வண்டி ரோட்டையே பெருக்கிடுச்சு.

— நாய் வந்துச்சா? அப்ப குடி எங்கேர்ந்து வந்துச்சு?

— அத விடேன்.

— புரிஞ்சுது. ஓட்டினது நீயில்ல. ஓனரு மவன் புகழேந்தி. அவனுக்கு லைசென்ஸ் கெடையாது. அவனுக்குப் பதிலா நீ ஜெயிலுக்குப் போற. சாஞ்ச பின்னாடி வாயில ஊத்திக்கினு வந்து நிக்கற.

— அந்தப் புள்ள விழுப்புரத்துல பரீட்சை எழுதிக்கினு இருக்கு. ஓட்டினது நான்தான். ஊத்திக்கினது மட்டும் அப்புறம்.

— ஏன்யா?

— இன்ஸ்பெக்டர் லோடச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. முன்னாடி பாதிதான் இருக்கு, பின்னாடி மட்டும் எதுக்கு இவ்ளோ ஒசரம்னாரு.

— முன்னாடி ஜாஸ்தி ஏத்தினா பாலம் ஏறும்போது டிராக்டர் மூக்கத் தூக்கும். எல்லாரும் இப்படித்தான ஏத்தறாங்க? அதான் மீதிக் கட்டுங்களையும் இன்னொரு நடை வேணாம்னு பின்னாடியே போடச் சொன்னேன்...

— மெள்ளப் பேசு. ஏத்தினவங்க மேலயும் கேஸு போடணும்னு ஏட்டுகிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. கடை எதிர்லயே இருந்துச்சு, அப்பதான் தொறந்தான், ஓடிப்போய் ஊத்திக்கினு வந்தேன். ஏத்தினது யாருன்னு என்னைக் கேக்க வாயெடுத்தாரு. அதுக்குள்ள நான் ஊதிக் காட்டிட்டேன்.