கண்ணும் சேர்ந்த சிரிப்பு

எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் கால்குலேட்டர். என் தங்கையும் அங்கேதான் வேலை பார்த்தாள். "எந்த பட்டனை அழுத்தினா எங்க அக்கா சிரிப்பான்னு எனக்கே இன்னும் தெரியல" என்பாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை.

தலைமைப் பொறுப்பு காலியானபோது இரண்டு தேர்வுகள் வைத்தார்கள். ஒன்று அறிவுக்கு. இன்னொன்று மனத்துக்கு, முகங்களின் படத்தைக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் என்று கேட்பார்கள். முதலாவதில் என் பக்கத்தில் யாரும் வரவில்லை. தங்கை தட்டுத் தடுமாறித் தேறினாள். இரண்டாவதில் அவளுக்கு எல்லாம் சரி. நான் பயந்த முகத்தைக் கோபம் என்று எழுதியிருந்தேன்.

பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்க மூளை மட்டும் போதாதும்மா என்று மேலாளர் என்னிடம் தன்மையாகச் சொன்னார். நான் சரி என்றேன். அந்த வேலைக்காகத்தான் நான் அத்தனை வருடம் படித்தேன் என்று சொல்லவில்லை.

தங்கைக்கு என்மேல் பாவமாக இருந்தது. மதிய வேளையில் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினாள்.

"வாய் மட்டும் போதாதுக்கா. கண்ணும் சேர்ந்து சிரிக்கணும். அப்பதான் எதிர்ல இருக்கறவங்களுக்கு பயம் போகும்."

எந்தத் தசை எப்போது சுருங்குகிறது என்று கவனித்துக்கொண்டேன். வீட்டிலும் பழகினேன்.

மாதிரிகளை உறைய வைக்கும் அறையில் திரவ நைட்ரஜன் இருக்கும். கசிந்தால் ஆக்சிஜன் குறையும். வாசனை வராது. அதனால் உள்ளே போகுமுன் கதவருகே உள்ள ஆக்சிஜன் அளவுமானியை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. தங்கை ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. என் முகத்தைத்தான் பார்ப்பாள். மெஷின் பொய் சொன்னாலும் சொல்லும், எங்க அக்கா மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லோரிடமும் சொல்வாள்.

அன்று காலை அபாய மணியின் இணைப்பைக் கழற்றியது நான்தான். வால்வைத் திறந்துவிட்டதும் நான்தான். இருபத்தொரு சதவீதம் காட்ட வேண்டிய அளவுமானி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து அவளைக் கூப்பிட்டேன்.

"போகலாமாக்கா?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன்.

"அட, கண்ணும் சேர்ந்துடுச்சே" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டேன்.

கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. முழங்கால் மடங்கும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் கோபம் என்று நினைக்கவில்லை. பயம். பார்த்த உடனே தெரிந்தது, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மேலாளரைப் பார்த்தால் இதை மட்டும் சொல்லுங்கள். அந்த இரண்டாவது தேர்வை மறுபடி வைத்தால், இப்போது நான் தேறிவிடுவேன்.