இடது கதவின் கண்ணாடி

துணிக்கூரையை மடித்து வைக்கிற காரில் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. சாதாரணக் காரில் கண்ணாடி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைச் சட்டமே பார்த்துக்கொள்ளும். இதில் கண்ணாடி தன்னந்தனியாக மேலே ஏறி, கூரை ஓரத்து ரப்பர் பீடிங்கில் போய்ச் சாய வேண்டும். கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் காற்று வரும், மழைத்தண்ணீர் இறங்கும். அதிகமாக உள்ளே சாய்ந்தால் கதவைச் சாத்தும்போது ரப்பரைக் கிழித்துவிடும். அதைச் சரியாக நிறுத்தப் பொறுமை வேண்டும், மேடம். என்னிடம் பொறுமை உண்டு. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீங்கள் இன்ஸ்பெக்டர் ஷஹனாஸ் என்று மேஜையில் இருக்கிற பெயர்ப் பலகையில் பார்த்தேன். என் பெயரும் உங்களிடம் இருக்கிறது. கலையரசன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் வீடு. கார் என் அப்பாவுடையது. தொட்டியத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்தவர், திருச்சியில் ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். எனக்குப் பின்னால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள்.

என் மனைவி மகாலட்சுமி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் பீரோ ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. இடது கை, இடது கால் இரண்டும் போய்விட்டன. நாக்கும் குழறியது. தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அப்போதிருந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "ரொம்ப நாளைக்கு எதிர்பார்க்காதீங்க சார், மனசத் தேத்திக்குங்க" என்றார். நான் தேற்றிக்கொண்டேன். அவர் சொன்னதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

பகலில் ஜாஸ்லின் என்கிற நர்ஸ் பெண் பாலக்கரையிலிருந்து வந்து குளிப்பாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். மற்றதெல்லாம் நான். புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது, இடது கைக்கும் காலுக்கும் தைலம் தேய்ப்பது. எதிர்வீட்டு மயிலம்மாள், "இப்படி ஒரு மனுசன் கெடைக்க மகா கொடுத்து வச்சிருக்கணும்" என்று என் காதுபடவே சொல்வார். அதைக் கேட்க ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது.

அலுப்பு என்றால் தூக்கம் போதாமல் இருப்பது என்று நினைப்பீர்கள். அது இல்லை. மடிப்பதற்கு ஒரு சட்டையை எடுப்பேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். உள்ளேயிருந்து அவள் "என்னங்க" என்பாள். போனால் ஒன்றும் இருக்காது. நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள், அவ்வளவுதான். திரும்பி வந்தால் மறுபடி "என்னங்க."

காரில் உட்கார வைத்தால் மட்டும் அமைதியாகிவிடுவாள். இன்ஜின் ஓடுகிற அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது. முதலில் கொள்ளிடம் பாலம் வரை போய் வருவோம். பிறகு அவளைத் தூக்கி உட்கார வைப்பதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கியது. அதனால் ஷெட்டிலேயே இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் சரிந்து விழாமல் இருக்க ஒரு நீளத் துண்டால் இருக்கையோடு சேர்த்துக் கட்டுவேன். நல்ல கையான வலது கையையும் துண்டுக்குள் வைத்துவிடுவேன், இல்லையென்றால் கியரைத் தொடுவாள். இது எப்போதும் செய்வதுதான். ஜாஸ்லினும் பார்த்திருக்கிறாள்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பக்கத்து இடது கதவுக் கண்ணாடி பீடிங்கோடு சேராமல் மேலே ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு நிற்கும். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த இடைவெளி வழியாக வருகிற காற்று நேராக அவள் காதில் அடிக்கும். "காத்து, காத்து" என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். மகளிடம் போனில் சொன்னேன், அம்மாவுக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணாடியைச் சரிபண்ணப் போகிறேன் என்று. "நீங்க கிரேட்ப்பா" என்றாள்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் கண்ணாடியைத் தாங்குகிற சேனலும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் தெரியும். மேலே உள்ளவற்றைத் தளர்த்தினால் உயரம் மாறும். கீழே உள்ளவற்றைத் தளர்த்தினால் கண்ணாடியின் சாய்வு மாறும். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், இறுக்க வேண்டும், கண்ணாடியை ஏற்ற வேண்டும், கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும், மறுபடி தளர்த்த வேண்டும். பீடிங்கில் சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி விளிம்பில் கோடு எங்கே விடுபடுகிறதோ அங்கே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். முதலில் பின்மூலையில் விடுபட்டது. அதைச் சரிசெய்ததும் முன்மூலையில் விடுபட்டது.

பல நாள் அந்த வேலை நடந்தது. மகாலட்சுமியைச் சக்கர நாற்காலியில் ஷெட் வாசலில் உட்கார வைத்துக்கொள்வேன். கழற்றிய திருகாணிகளை அவளுடைய வலது உள்ளங்கையில்தான் போட்டுவைத்தேன். ஒன்றைக்கூட அவள் கீழே விடவில்லை. நான் கை நீட்டினால் எடுத்துக் கொடுப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. ஒருநாள் நான் கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தபோது, "அலுப்பா... இருக்குதாங்க? போய்ப் படுங்க. நான் இங்கயே... இருக்கேன்" என்றாள். படுக்கையில் விழுந்த பிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அது. இதை முடித்துவிட்டுப் படுக்கிறேன் என்றேன்.

கடைசியில் சாக்பீஸ் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் விழுந்தது. ஒரு தாளை இடையில் வைத்துச் சாத்தி இழுத்தேன், வரவில்லை. குழாயை வைத்துத் தண்ணீர் அடித்தேன், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அந்தக் கார் வந்த நாளிலிருந்து யாரும் செய்யாத வேலை.

நல்லுசாமி சொன்னதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவன் அரியமங்கலத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறான். நான் கண்ணாடியில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் இன்ஜின் சத்தத்தைப் பார்க்க வந்தான். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"சார், சைலன்சர் பைப்பு நடுவுல அரிச்சுப் போச்சு. தரைத் தகட்டுலயும் ஓட்டை. புகை உள்ள ஏறுது. அம்மாவ உள்ள வச்சுக்கிட்டு இன்ஜினை ஓடவிடாதீங்க."

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேப்பா."

"அந்தக் கண்ணாடி சேராம நிக்குதுல்ல, அதாங்க காப்பாத்துது. காத்து வந்து போகுது. அது மட்டும் சேர்ந்திருந்தா உசுருக்கே ஆபத்துங்க. நாளைக்கே வண்டிய அனுப்புங்க, வேற பைப்பு போட்டுத் தரேன்."

அனுப்புகிறேன் என்றேன். அந்த நிமிடத்தில் அனுப்பத்தான் நினைத்தேன். நீங்கள் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டால் நல்லது.

அந்த நாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் போய்த் தெரு காலியாக இருந்தது. ஜாஸ்லின் குளிப்பாட்டி, தலை பின்னி, பொட்டு வைத்துவிட்டுப் போனாள். ரசம் சாதம் ஊட்டினேன். நன்றாகச் சாப்பிட்டாள். தூக்கிக் கொண்டுபோய் உட்கார வைத்துத் துண்டைக் கட்டினேன். இன்ஜினை ஓடவிட்டேன். வழக்கமாகப் பக்கத்தில் உட்காருகிறவன், அன்றைக்கு வெளியே இருந்து கண்ணாடியைப் பார்க்கலாம் என்று இறங்கினேன். கதவைச் சாத்தினேன். ஷெட் வாசலில் நின்றேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று முழுவதும் என் முதுகில் அடித்தது.

போதுமான நேரம் நின்றேன். பிறகு இன்ஜினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தினேன். பக்கத்துக் கட்டிலில் நானும் படுத்தேன். சாயங்காலம் மயிலம்மாள் வந்து கூப்பிடும்வரை தூங்கினேன். இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியது அன்றுதான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நல்ல சாவு என்றார்கள்.

மகள் வந்து சேர வேண்டும் என்று ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் நல்லுசாமி மாலையோடு வந்தான். கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறபோது ஷெட்டை எட்டிப் பார்த்தான். உள்ளே போய் இடது கதவைத் திறந்து கண்ணாடியை ஏற்றிச் சாத்தினான். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

"யாரு சார் இத செட் பண்ணது?"

"நான்தான்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு சுத்தமான வேலையை வேறு யாரோ செய்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் என் முகத்தையே பார்த்தான். "பைப்ப மாத்தலையே சார்" என்றான். பின்னால் ஜாஸ்லின் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அம்மாவின் கன்னம் ஏன் இவ்வளவு சிவந்திருக்கிறது என்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். வண்டிப் புகை ஏறிச் செத்தால் அப்படிச் சிவக்குமாம். அவள்தான் உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பெண்.

அவள் நோயில் படுகிற வேதனையைப் பார்க்கத் தாங்காமல் செய்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் சுலபமாக இருக்கும். ஆனால் தில்லை நகரில் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். நல்லுசாமி வந்துபோன அதே வாரம் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். இப்போது இருப்பவர் சின்ன வயது டாக்டர். அவளுடைய இடது விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சூப்பர் சார். கை திரும்ப வருது. ஹார்ட்டு, கிட்னி எல்லாம் ஸ்ட்ராங். வாக்கர் வச்சு நடக்க வச்சிரலாம். இன்னும் இருபது வருஷம் இருப்பாங்க. ஒரு ஆள் மட்டும் பக்கத்துலயே இருக்கணும். நீங்கதான் இருக்கீங்களே" என்றார்.

மகாலட்சுமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வருகிறபோது காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அந்த நெரிசலில் உட்கார்ந்தபடி இருபது வருடத்தை யோசித்துப் பார்த்தேன். அவள் சாகப் போகிறாள் என்றால் நான் கடைசிவரை பார்த்திருப்பேன், மேடம். அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்தேன்.

வாசலில் நின்றபோது என்ன பார்த்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டீர்கள். அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, பீடிங் அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது. பிறகு அவளுடைய இடது கை மடியிலிருந்து எழுந்தது. முதலில் விரல்கள், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கையும் சேர்ந்து மேலே வந்தது. உள்ளங்கை விரிந்து கண்ணாடியில் பதிந்து, தட்டியது. இரண்டு வருடமாக அசையாத கை. ஜாஸ்லின் வாரத்துக்கு ஒருநாள் தேய்த்திருப்பாள். மற்ற நாளெல்லாம் தைலம் தேய்த்தது நான்தான். அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.