மூணால போகாது

— நாளைக்குக் கோர்ட்டுல விவாகரத்துக் கையெழுத்து. இன்னைக்கு எதுக்குய்யா போன்? அதுவும் மறுபடியும் லிஃப்ட் நம்பரா?

— கடைசி நம்பர், டீச்சரம்மா. கல்யாணமான புதுசுல, நான் மாட்டுற ஒவ்வொரு லிஃப்ட் மோட்டார் நம்பரையும் கேட்டு, அது வகுபடுமா, இல்ல எதாலயும் பிரிக்க முடியாத பகா எண்ணான்னு பிரிச்சு மேய்வியே... ஆமா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— படி ஏறிட்டிருக்கேன். லிஃப்ட் ஓடல.

— நீ தங்கியிருக்கிற ஹாஸ்டல் லிஃப்டா? இப்பவே வந்து பாக்கட்டா?

— ஐயோ சாமி, வேணாம்! எவன் லிஃப்ட் நின்னாலும் ஓடிடுவ. நான் டாக்டர் பட்டம் வாங்கின அன்னைக்கும் அப்படித்தானே ஓடின? மேடையிலேர்ந்து பாத்தா உன் நாற்காலி மட்டும் காலி.

— உள்ள ஒரு நிறைமாசப் பொண்ணு மாட்டிக்கிட்டிருந்தா...

— அதை வாயைத் திறந்து சொன்னியா? முந்தாநாள் உன் தங்கச்சி வந்து சொல்லித்தான்யா எனக்கே தெரியும்!

— நீ பெட்டி கட்டினதைப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சும்மா. எனக்குப் பேச வராது, அதான் நம்பர் சொல்றேன். இது பகா எண்ணா இருந்தா வீட்டுக்கு வந்துடு. வகுபட்டா, மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போட்டுடறேன்.

— வாழ்க்கையை மோட்டார் தகட்டுல வெச்சுப் பந்தயமா? பைத்தியமா உனக்கு?

— கோபம் வந்தா நீ ஆயிரம் சொல்லுவ. எண் விஷயத்துல மட்டும் பொய்யே சொன்னதில்ல.

— சரி, சொல்லித் தொலை.

— அஞ்சு கோடியே எம்பத்திமூணு லட்சத்துப் பத்தாயிரத்து எரநூத்தி எழுவத்தொண்ணு.

— இலக்கம் இலக்கமாச் சொல்லு.

— அஞ்சு, எட்டு, மூணு, ஒண்ணு, சைபர், ரெண்டு, ஏழு, ஒண்ணு.

— ஒத்தைப்படை. அஞ்சுலயும் முடியல. மூணு... இரு.

— என்னாச்சு?

— ஒண்ணுமில்ல, படி இடறிச்சு. மூணால போகாது. இப்ப பின்னாலேர்ந்து மும்மூணா வெட்டு. எரநூத்தி எழுவத்தொண்ணையும் அம்பத்தெட்டையும் கூட்டி, நடுவுல நிக்கிற முன்னூத்திப் பத்தைக் கழி. பத்தொம்பது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு எதாலயும் போகாது.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? பகா எண்தான்.

— அதுக்குள்ளயா? எட்டு இலக்கம்னா நாள் பூரா உக்காந்து வகுப்பியே!

— டீச்சர் நீயா, நானா?

— டீச்சரம்மா... நானும் விரல் விட்டுக் கூட்டிப் பாத்துட்டேன். இலக்கமெல்லாம் சேந்தா இருபத்தேழு. அப்படின்னா மூணால போகும். நீதானே சொல்லிக் குடுத்த?

— நீயும் கூட்டிப் பாத்தியா?

— ஏம்மா பொய் சொன்ன?

— யோவ் மெக்கானிக்! ஊர் லிஃப்டை எல்லாம் சரி பண்ற, நம்ம பில்டிங் லிஃப்டை இன்னும் தொடவே இல்லியா? பெட்டியைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறி வந்து நிக்கிறேன், கதவைத் திற!